ஒதுக்கீடு, பங்கீடு, ஒப்படை: பகிர்தற்பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடும் செட்டிநாட்டு வழக்குகளும்

ஆய்வுச் சுருக்கம்

பொருளையும் பணியையும் உரியவரிடம் சேர்ப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘அலோகேட்’, ‘அலாட்’, ‘அசைன்’, ‘அப்போர்ஷன்’, ‘ரிசர்வ்’ முதலிய சொற்கள் வழங்குகின்றன. இக்காலத் தமிழ் ஆட்சி வழக்கிலும் இதழியல் வழக்கிலும் இவற்றுட் பலவற்றுக்கு ‘ஒதுக்கீடு’ என்னும் ஒரே சொல் ஆளப்படுகிறது. இதனால் செயலின் படிநிலையும் பெறுபவரின் உரிமை அளவும் மங்குகின்றன. இவ்வேறுபாடுகளைத் தமிழ் முன்னரே அறிந்திருந்தது என்பதையும், காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் நகரத்தார் சமூக வழக்குச் சொற்கள் அவற்றைத் தெளிவாகப் பேணியுள்ளன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒதுக்கீடு, பங்கீடு, ஒப்படை, வகுத்தல், புள்ளி, மகமை, ஆட்சித்தமிழ், நகரத்தார்.

முன்னுரை

உள்ளதைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பது குடும்பம், கோயில், வணிகம், அரசு ஆகிய அனைத்துக்கும் பொதுவான செயலாகும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் இச்செயல் பல படிகளைக் கொண்டது. எந்த நோக்கத்திற்கு எவ்வளவு என்று வரையறுப்பது ஒரு படி. எவர்க்கு எத்தனை பங்கு என்று கணிப்பது மற்றொரு படி. இன்னது இன்னார்க்கு என்று குறித்துத் தருவது வேறொரு படி. ஒரு பணியை ஒருவர் பொறுப்பில் விடுவது பிறிதொரு படி. ஆங்கிலத்தில் இப்படிகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவை பொருளால் நெருங்கியவை ஆதலின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அவற்றை மயங்கி வழங்குவதுண்டு.

தமிழில் இச்சிக்கல் வேறு வடிவில் உள்ளது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அரசாணைகளும் அறிவிக்கைகளும் பெருமளவில் தமிழில் எழுதப்பட்டு வருகின்றன. அவ்வெழுத்தில் நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு, மனை ஒதுக்கீடு, சின்னம் ஒதுக்கீடு, இலாகா ஒதுக்கீடு, பணி ஒதுக்கீடு என ஒரு சொல்லே எங்கும் நிற்கிறது. தமிழில் வேறு சொல் இல்லாமையால் இந்நிலை நேர்ந்ததா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. ஆங்கிலச் சொற்களின் வேர்ப்பொருள்

மயங்கும் சொற்களைப் பிரித்தறிய அவற்றின் வேர்ப்பொருள் துணைசெய்கிறது. ‘அலோகேட்’ என்பது ‘இடம்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. மொத்தத்தில் ஒரு பகுதியை ஒரு நோக்கத்திற்குரிய இடத்தில் வைப்பதே அதன் உட்கருத்து. ‘அலாட்’ என்பதன் வேர் திருவுளச்சீட்டைக் குறிக்கும் பழைய சொல்லாகும். பலர் வேண்டும் பொருளுள் இன்னது இன்னார்க்கு என முடிவாகக் குறித்துத் தருவதை அது உணர்த்தும். ‘அசைன்’ என்பதன் வேர் ‘அடையாளம்’ என்னும் பொருளது. ஒரு பணியையோ உரிமையையோ பெயர் சுட்டி ஒருவரிடம் சேர்ப்பதற்கு அது வழங்குகிறது. ‘அப்போர்ஷன்’ என்பதில் ‘பங்கு’ என்னும் சொல்லே அடங்கியுள்ளது. ஒரு விதியின்படி விகிதம் கணித்துப் பிரித்தலை அது சுட்டும். ‘ரிசர்வ்’ என்பது ‘பின்னே காத்து வைத்தல்’ என்னும் வேரினது. பிறர் எடுத்துக்கொள்ளாதவாறு ஒன்றை உரியவர்க்கெனக் காத்தலே அதன் பொருள். ‘டிஸ்ட்ரிபியூட்’ என்பது கையிலுள்ளதைப் பலர்க்கும் கொண்டு சேர்க்கும் இறுதிச் செயலாகும். ‘டெலிகேட்’ என்பது தன் அதிகாரத்தைத் தந்து ஒருவரைத் தன் சார்பில் செயற்படச் செய்தலாகும்.

ஒரு கல்லூரி விடுதியை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 100 அறைகளுள் 40 அறைகள் முதலாண்டு மாணவர்க்கு என முடிவு செய்வது ‘அலோகேட்’. அவற்றுள் ஐந்தை மாற்றுத்திறனாளி மாணவர்க்கெனக் காத்து வைப்பது ‘ரிசர்வ்’. 17ஆம் எண் அறை இன்ன மாணவர்க்கு என ஆணை தருவது ‘அலாட்’. மின்கட்டணத்தைத் தங்கியிருக்கும் நாள்களின் விகிதப்படி பிரிப்பது ‘அப்போர்ஷன்’. உணவுக்கூடக் கணக்கை ஒரு மாணவர் பொறுப்பில் விடுவது ‘அசைன்’. காப்பாளர் தாம் ஊரில் இல்லாத நாள்களில் அனுமதிச்சீட்டில் கையொப்பமிடும் அதிகாரத்தைத் துணைக் காப்பாளர்க்குத் தருவது ‘டெலிகேட்’. இந்த ஆறு செயல்களையும் ‘ஒதுக்கீடு’ என்றே எழுதினால், எது முடிந்தது, எது முடியவில்லை என்பதைப் படிப்பவர் அறிய இயலாது.

2. வகுத்தலும் விடுதலும் குடவோலையும்

இவ்வேறுபாடுகள் தமிழ் மரபிற்குப் புதியவை அல்ல. திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தின் 385ஆம் குறள் அரசின் பொருட்செயலை நான்கு படிகளாக்குகிறது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், தொகுத்தல், காத்தல் ஆகியவற்றின்பின் நான்காம் படியாக நிற்பது ‘வகுத்தல்’. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின்பொருட்டுப் பகுத்தல் என்று பரிமேலழகர் இதற்கு விளக்கம் தருகிறார். நோக்கத்தின்படிப் பகுத்தலே ‘அலோகேட்’ என்பதன் பொருளாதலின், ‘வகுத்தல்’ அதற்கு நேர்நிகரான சொல்லாகிறது.

பணியைச் சேர்க்கும் செயலுக்கு வள்ளுவர் வேறு வினையை ஆள்கிறார். தெரிந்து வினையாடல் அதிகாரத்தின் 517ஆம் குறள், செயல், அதற்குரிய கருவி, செய்வான் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தபின் அச்செயலை அவனிடம் ‘விடுதல்’ வேண்டும் என்கிறது. பொருளுக்கு வகுத்தல், பணிக்கு விடுதல் என்னும் இப்பாகுபாடு ‘அலோகேட்’, ‘அசைன்’ ஆகியவற்றின் வேறுபாட்டோடு ஒத்துச்செல்கிறது.

‘அலாட்’ என்பதன் வேரிலுள்ள திருவுளச்சீட்டுக்கும் தமிழ்நாட்டில் சான்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. அங்குத் தகுதியை வரையறுப்பது ஒரு படி. ஓலை எடுத்து இன்னார் எனக் குறிப்பது அடுத்த படி. தேர்ந்தோரை ஏரி வாரியம், தோட்ட வாரியம் என வாரியங்களில் அமர்த்துவது மூன்றாம் படி. கல்வெட்டு இவற்றை ஒன்றாகக் குழப்பவில்லை.

3. செட்டிநாட்டு வழக்குகள்

நூல்வழக்கிலும் கல்வெட்டிலும் காணப்படும் இத்தெளிவு மக்கள் வழக்கிலும் நிலைத்ததற்குச் செட்டிநாடு சிறந்த சான்றாகும். காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதியில் வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார், குடும்பச் சொத்து, கோயில் நிருவாகம், கடல்கடந்த வணிகம் ஆகிய மூன்றிலும் பகிர்வை நுட்பமாக வரையறுத்தவர்கள். அவர்தம் வழக்குச் சொற்கள் பின்வருமாறு பகுத்து நோக்கத்தக்கன.

3.1 வேறு வைத்தல்

செட்டிநாட்டு வீட்டின் நடுவே அமைந்த வளவைச் சுற்றி அறைகள் உள்ளன. மணமான மகன்கள் ஒவ்வொருவர்க்கும் அவற்றுள் இடம் உண்டு. திருமணத்திற்குப் பின் மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனிச் சமையலோடு வாழச் செய்யும் வழக்கத்திற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். அவர்களுக்குரிய உணவுப்பொருள்களும் செலவும் பெற்றோரால் அளவிட்டுத் தரப்படும்.

இங்கு நிகழ்வது சொத்துப் பிரிவினை அன்று. அறை பயன்பாட்டிற்குத் தரப்படுகிறது. வீடு பொதுவாகவே நிற்கிறது. செலவு வகுத்துத் தரப்படுகிறது, முதல் பிரிக்கப்படுவதில்லை. பிற்காலத்தில் சொத்து பிரியும்போது ஆளப்படும் சொல் ‘பங்கு’. அவ்வாறு பங்கு உடையோரே ‘பங்காளி’. எனவே ‘வேறு வைத்தல்’ ‘அலோகேட்’ என்பதையும், ‘பங்கு பிரித்தல்’ ‘அப்போர்ஷன்’ என்பதையும் ஒத்தன. வேறு வைக்கப்பட்ட மகன் தன் அறையை விற்க இயலாது என்பது எவரும் சொல்லாமலே விளங்கும். அத்தெளிவைத் தருவது சொல்லே.

3.2 புள்ளியும் ஆஸ்தியும்

இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் அமைகிறது. மணமானபின் கோயிற் கணக்கில் இடம்பெறும் குடும்ப அலகு ‘புள்ளி’ எனப்படும். கோயிற் செலவுக்குப் புள்ளிதோறும் சமமாகத் தண்டப்பெறுவது புள்ளி வரி. செல்வ நிலைக்கேற்பத் தண்டப்பெறுவது ஆஸ்தி வரி.

ஒரே செலவைத் தலைக்கு இவ்வளவு என்றும், உடைமைக்கு இவ்வளவு என்றும் இரு விதிகளால் பிரிக்கலாம் என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன. ‘அப்போர்ஷன்’ என்பதன் உயிர்நிலை இதுவே. பங்கீடு என்றால் எந்த விதிப்படி என்னும் வினா உடன் எழும். ஒதுக்கீடு என்றால் அவ்வினா எழுவதில்லை. அது தருபவரின் விருப்பத்தைச் சார்ந்ததாகத் தோன்றிவிடுகிறது.

3.3 மகமையும் கட்டளையும்

வணிக வரவில் ஒரு பகுதியை அறத்திற்கென எடுத்து வைப்பது ‘மகமை’. அது கணக்கேட்டில் தனித் தலைப்பில் நிற்கும். வணிகத்திற்கு மீண்டும் எடுப்பதற்குரியதன்று. அவ்வாறு சேர்ந்த பொருளைக் குறிப்பிட்ட ஒரு பூசைக்கோ அன்னதானத்திற்கோ என நிலையாகப் பிணைப்பது ‘கட்டளை’. காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் நாள்தோறும் கொண்டு செல்லப்படுவது இத்தகைய நிலைத்த அறத்தின் விளைவாகும். மகமை நோக்கத்தைப் பொதுவாகவும், கட்டளை நோக்கத்தைக் குறிப்பாகவும் வரையறுக்கின்றன. ஆங்கிலத்தில் கால்நடையின் காதில் இடும் அடையாளத்திலிருந்து தோன்றிய ‘இயர்மார்க்’ என்னும் சொல் உணர்த்தும் பொருளைக் ‘கட்டளை’ அதனினும் உறுதியாக உணர்த்துகிறது.

3.4 முதலாளியும் ஆளும்

பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் அவர் அமர்த்திய ஆள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் பணிநிலைகள் பெயராலேயே வரையறுக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றாண்டு கொண்ட பணிக்காலம் ‘கணக்கு’ எனப்பட்டது. சம்பளமும் பணிக்காலமும் ‘சம்பளச் சீட்டு’ என்னும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. முதலாளியின் சார்பில் கடன் தரவும் வழக்காடவும் உரிய அதிகாரம் தனி ஆவணத்தால் வழங்கப்பட்டது.

பணியை விடுதலும் அதிகாரத்தை வழங்குதலும் இங்கு இரு வேறு ஆவணங்களாக நிற்பது குறிப்பிடத்தக்கது. முன்னது ‘அசைன்’, பின்னது ‘டெலிகேட்’. அடுத்தாளுக்குப் பணி உண்டு; அதிகார ஆவணம் இல்லையேல் முதலாளியைக் கட்டுப்படுத்தும் கையொப்பம் இல்லை. கடல் கடந்த தொலைவில் பெருந்தொகை புழங்கிய தொழிலில் இவ்வேறுபாடு மங்கியிருப்பின் நம்பிக்கையின் அடித்தளமே சரிந்திருக்கும்.

4. ‘ஒதுக்கீடு’ மறைப்பவை

‘ஒதுங்கு’ என்னும் தன்வினையின் பிறவினை ‘ஒதுக்கு’. ஓரத்தில் சேர்த்தல் அதன் அடிப்படைப் பொருள். ஒதுக்குப்புறம், ஊரை விட்டு ஒதுக்குதல் முதலிய வழக்குகள் இதனைக் காட்டும். காத்து வைத்தல் என்னும் பொருளில் ‘ரிசர்வ்’ என்பதற்கு ‘ஒதுக்கீடு’ பொருந்துவதே. அதன் எல்லை கடந்து பிற சொற்களின் இடத்தையும் அது பிடிக்கும்போது சிக்கல் தோன்றுகிறது. மூன்று சான்றுகள் இங்கு நோக்கப்படுகின்றன.

முதலாவது, தேர்தல் சின்னங்கள் தொடர்பான 1968ஆம் ஆண்டு ஆணை. அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘ரிசர்வேஷன்’, ‘அலாட்மென்ட்’ ஆகிய இரு சொற்களும் உள்ளன. ஏற்பளிக்கப்பட்ட கட்சிக்கெனச் சின்னத்தைக் காத்து வைப்பது முன்னது. குறிப்பிட்ட வேட்பாளர்க்கு அச்சின்னத்தைத் தருவது பின்னது. செய்தித்தாள்கள் இரண்டையும் ‘சின்னம் ஒதுக்கீடு’ என்றே எழுதுகின்றன. ஒரு கட்சியின் சின்னம் குறித்த வழக்குச் செய்தியைப் படிப்போர், கட்சியின் உரிமை பேசப்படுகிறதா வேட்பாளரின் உரிமை பேசப்படுகிறதா எனத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயின் அதே செய்தித்தாள்கள் கூட்டணிப் பேச்சுகளைக் குறிக்கையில் ‘தொகுதிப் பங்கீடு’ என்று சரியாக எழுதுகின்றன. எத்தனை தொகுதி என்பது பங்கீடு என்னும் உணர்வு எழுதுவோர் மனத்தில் இயல்பாகவே உள்ளது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, நிதி. அரசமைப்பின் 280ஆம் உறுப்பு, வரி வருவாயை ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் இடையே பிரிப்பதை ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்றும், மாநிலங்களின் பங்குகளை அவற்றிற்கிடையே வரையறுப்பதை ‘அலோகேஷன்’ என்றும் வேறுபடுத்துகிறது. 15ஆம் நிதிக்குழு 2021–26 காலத்திற்கு மாநிலங்கள் அனைத்துக்குமாகப் பரிந்துரைத்த 41 விழுக்காடு முன்னதைச் சார்ந்தது. அதனுள் தமிழ்நாட்டிற்குரிய 4.079 விழுக்காடு பின்னதைச் சார்ந்தது. இரண்டும் விதிப்படி அமைந்த பங்குகளாதலின் ‘நிதிப் பகிர்வு’, ‘பங்கீடு’ என்பனவே பொருந்தும். ‘ஒன்றிய அரசு ஒதுக்கிய நிதி’ என்று எழுதும்போது உரிமைப் பங்கு கொடையாக மாறிவிடுகிறது. மாநில வரவு செலவுத் திட்டத்திலும் மானியக் கோரிக்கை, சட்டமன்ற ஒப்புதல், நிதி விடுவிப்பு, செலவு ஆகியன வெவ்வேறு படிகள். ‘நிதி ஒதுக்கப்பட்டது’ என்னும் செய்தி பணம் கைக்கு வந்ததாகப் பொருள்படாது. பள்ளிக் கட்டடத்திற்காகக் காத்திருக்கும் ஊரார்க்கு இவ்வேறுபாடு மிக முதன்மையானது.

மூன்றாவது, உள்ளாட்சி. 73ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 243டி உறுப்பு, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இடங்களைக் காத்து வைப்பதை ஒரு சொல்லாலும், அவ்விடங்களைச் சுழற்சியில் தொகுதிகளுக்குக் குறிப்பதை மற்றொரு சொல்லாலும் கூறுகிறது. சுழற்சியில் வரும் இவ்வுரிமைக்குத் தமிழில் ‘முறை’ என்னும் பழஞ்சொல் உண்டு. கோயிற் பணிகளில் அது இன்றும் வழங்குகிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பட்டியல் சாதித் தலைவர்கள் தேர்வாகிப் பணியாற்ற இயலாத நிலை நீடித்தது. ஊரால் ஒதுக்கப்பட்ட மக்களுக்கே அப்பதவி ‘ஒதுக்கப்பட்டது’. விலக்குதல், உரிமை காத்தல் என்னும் எதிரெதிர்ப் பொருள்களை ஒரே வினை சுமந்து நின்றதை இங்குக் காணலாம். காக்கப்பட்ட உரிமை என்னும் பொருளை வெளிப்படுத்தாத சொல், அவ்வுரிமையை எவரோ தந்த சலுகையாகக் காட்ட இடமளிக்கிறது.

5. ஒப்படை: நிபந்தனை தாங்கும் சொல்

ஆட்சித்தமிழ் ஓரிடத்தில் இத்தெளிவைச் சிறப்பாகப் பேணியுள்ளது. நிலமற்றோர்க்கு அரசு நிலத்தை வழங்குவதை வருவாய்த் துறை ‘நில ஒப்படை’ என்கிறது. ‘அசைன்மென்ட்’ என்பதற்கு அமைந்த இச்சொல்லில், பொறுப்பும் நிபந்தனையும் உடன்வருகின்றன என்னும் குறிப்பு உள்ளது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இத்தகையன. முதல் 10 ஆண்டுகளுக்கு அவற்றை எவர்க்கும் மாற்றுதல் கூடாது. அதன்பின்னும் அதே வகுப்பினர்க்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலங்களை மீட்கும் கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

இதனோடு வீட்டுவசதி வாரிய மனையை ஒப்பிடலாம். அங்கு ஆணை பெறுவது ‘அலாட்’ என்னும் படி. தவணை முழுதும் செலுத்திக் கிரையப் பத்திரம் பெற்றபின்னரே உடைமை முழுமையாகிறது. ஒப்படை பெற்றவர் நிபந்தனையோடு நிலத்தை உடையவர். ஒதுக்கீட்டாணை பெற்றவர் இன்னும் உடைமைக்கு வழியில் இருப்பவர். இருவரையும் ‘மனை ஒதுக்கப்பட்டவர்’ என்று எழுதினால் இருவர்தம் உரிமையும் தவறாக உணரப்படும்.

6. சொல்லாட்சி நெறி

மேற்கண்டவற்றிலிருந்து எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் பயன்படும் நெறி ஒன்று பெறப்படுகிறது. சொல்லைத் தேர்வதற்கு முன் செயல் எந்த வினாவிற்கு விடை என்று கேட்டல் வேண்டும்.

எந்த நோக்கத்திற்கு என்னும் வினாவிற்கு விடையாயின் வகுத்தல். நோக்கம் மாற்ற இயலாததாயின் கட்டளை.

எந்த விதிப்படி எத்தனை பங்கு என்னும் வினாவிற்கு விடையாயின் பங்கீடு அல்லது பகிர்வு.

எவர்க்கெனக் காக்கப்படுகிறது என்னும் வினாவிற்கு விடையாயின் ஒதுக்கீடு.

இன்னது எவர்க்கு என்னும் வினாவிற்கு விடையாயின் குறித்தளித்தல். காலவரிசையில் மாறுவதாயின் முறை.

எவர் பொறுப்பில் என்னும் வினாவிற்கு விடையாயின் ஒப்படை; பணியாயின் பணியில் அமர்த்தல் அல்லது பொறுப்பில் விடுதல்.

எவர் சார்பில் என்னும் வினாவிற்கு விடையாயின் அதிகாரம் அளித்தல்.

கைக்குச் சேர்ந்ததா என்னும் வினாவிற்கு விடையாயின் வழங்கல் அல்லது விநியோகம்.

‘இட ஒதுக்கீடு’ போன்று சட்ட வழக்கில் வேரூன்றிய தொடர்களை மாற்ற வேண்டுவதில்லை. புதிதாக எழுதப்படும் ஆணைகளிலும் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் இவ்வேறுபாட்டைப் பேணுதலே போதும்.

முடிவுரை

பகிர்தற்பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் ஒரே செயலின் வெவ்வேறு படிகளைக் குறிப்பன. அவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பன அல்ல. தமிழில் அப்படிகளுக்குரிய சொற்கள் குறளிலும் கல்வெட்டிலும் வருவாய்த்துறை வழக்கிலும் உள்ளன. செட்டிநாட்டில் அவை ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வில் புழங்கும் சொற்களாகவே நின்றன. வேறு வைத்தலுக்கும் பங்கு பிரித்தலுக்கும், புள்ளி வரிக்கும் ஆஸ்தி வரிக்கும், மகமைக்கும் கட்டளைக்கும் இடையிலான வேறுபாட்டை அம்மக்கள் அகராதி பார்த்து அறிந்தாரல்லர். பொருளும் உரிமையும் அச்சொற்களைப் பொறுத்திருந்தமையால் அவற்றைக் காத்தனர். அரசின் ஆணையைப் படித்துத் தமக்கு உரியது எது, எந்நிலையில் உள்ளது என்று அறிய விழையும் குடிமக்கள் அனைவர்க்கும் அதே தெளிவு தேவை. அதனைத் தரும் சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை உரிய இடத்தில் ஆளுதலே எஞ்சியுள்ள பணி.